பூவெல்லாம் அப்பா பேரில்

அன்று காலை வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு வந்திருந்தவர்கள்: அப்பா, நான், இசக்கியம்மா அத்தை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள்: பேச்சிமுத்து மாமா, அவர் தம்பி, தண்ணித்தொட்டிப் பக்கத்து வீட்டுக்காரர், மேலவீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர்.

அம்மாவும் வரவில்லை. ஆனால் அவளை வராதவர்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவளுக்கு அன்று நூறு நாள் வேலை. "வீட்டுக்கு ஒரு ஆளு போதும். குடும்பத்தோட போய் நின்னா பத்திரிகை வைக்க வந்தவுகன்னு நெனச்சிருவாவ" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டாள்.

வி.ஏ.ஓ. மேடத்துக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர், எங்கள் பேச்சைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டுத்தான் பதில் சொல்வார். அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"ஏழு வீடுன்னு சொன்னீங்களே?"

"பின்னால வாராவ மேடம்" என்றார் அப்பா.

பின்னால் யாரும் வரவில்லை என்பது அப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் திரும்பி ரோட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மினிபஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது போன பிறகும் ரோடு காலியாகத்தான் இருந்தது.

அப்பா சட்டையில் மல்லிகை வாசமும் ஈரச்சாக்கு வாசமும் கலந்து அடித்தது. பூ மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்தார். அந்தச் சின்ன அறையில் காத்தாடி சுற்றச் சுற்ற அந்த வாசம் எல்லாப் பக்கமும் போனது. எனக்கு வயது பதினாறு. அந்த வாசம் வேறு யார் மூக்கிலும் ஏறக் கூடாதே என்று இருந்தது. ஏனென்றால் அன்று அந்த அறையில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததே அந்தப் பூதான்.

பலகையில் எழுதிப் போட்ட வருமானம்

போன வாரம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கதையை எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை, கட்டைவிரல்தான். ரிசல்ட்டுக்குப் பிறகு நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்தது. தினமும் போய்வர முடியாத தூரம். அங்கே தங்கினால்தான் படிப்பு.

தங்குவதற்கு அரசு மாணவர் விடுதி உண்டு. சாப்பாடும் அங்கேயே, காசு கிடையாது. வருடத்துக்கு ஒரு உதவித்தொகையும் வரும். எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒரே காகிதம். அப்பாவின் ஆண்டு வருமானம் இவ்வளவுக்குள்தான் என்று தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ்.

வருமானம் என்ற சொல்லோடு எனக்கு அதற்கு முன்பே பழக்கம் உண்டு. ஆறாம் வகுப்பில் ஏதோ ஒரு உதவிக்குப் படிவம் கொடுத்தார்கள். 'பெற்றோரின் ஆண்டு வருமானம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் எல்லாரும் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தோம். வாத்தியார் கரும்பலகையில் ஒரு தொகையை எழுதிப் போட்டார். "எல்லாரும் இதையே எழுதுங்கலே. எவனாவது பெருமைக்குக் கூட எழுதினா காசு வராது, சொல்லிட்டேன்."

அப்படியாக எங்கள் வகுப்பில் அத்தனை அப்பாமாரும் ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் ஒரே வருமானம் வாங்கினார்கள். லாரி வைத்திருந்தவரும் அதே. லாரியில் மூடை ஏற்றினவரும் அதே.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "எப்பா, நமக்கு உண்மையிலேயே வருசத்துக்கு எவ்வளவு வரும்?"

அப்பா மல்லிச் செடிக்கு மருந்து கலக்கிக்கொண்டு இருந்தார். "நாளைக்குப் பூவு என்ன வெலைக்குப் போவுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றார்.

அவர் கிண்டல் பண்ணவில்லை. அவருக்குத் தெரிந்த வருமானம் அவ்வளவுதான். ஆடி மாதம் ஒரு விலை, முகூர்த்த நாளில் ஒரு விலை, பனி இறங்கினால் பூவே இல்லை. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி ஒரு எண்ணாகச் சொல் என்று அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

மொபெட்டும் ஏழு வீட்டுப் பூவும்

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு மேற்கே. பஸ் வந்தால் கால் மணி நேரம். வராவிட்டால் சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீரை நம்பி ஆளுக்கு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று மல்லி போட்டிருப்பார்கள்.

மல்லி மொக்காக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். வெயில் ஏறி வாய் விட்டால் விலை பாதி. ஆகவே விடிய ஆரம்பிக்கும்போதே எல்லார் தோட்டத்திலும் ஆள் இருப்பார்கள். பறித்த மொக்கை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகத்தான் ஆள் கிடையாது. நாலு கிலோ பூவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் டிக்கெட் காசும் போய் ஒரு காலைநேரமும் போய்விடும்.

அப்பா ஒரு பழைய மொபெட் வாங்கினார். முதல் வாரம் எங்கள் பூவை மட்டும் கொண்டுபோனார். இரண்டாவது வாரம் இசக்கியம்மா அத்தை ஒரு பையை நீட்டினாள். அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை, ஒற்றை ஆள். "அண்ணே, வண்டி சும்மாதான போவுது?" பிறகு பேச்சிமுத்து மாமா. பிறகு அவர் தம்பி. ஒரு வருடத்துக்குள் ஏழு வீட்டுப் பூவும் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தது. அம்மா கைத்தராசில் ஒவ்வொருவர் பூவையும் நிறுத்துச் சொல்ல, எல்லாவற்றையும் ஒன்றாகச் சாக்கில் கட்டி அப்பா கிளம்பிவிடுவார். ஒன்றாகக் கொண்டுபோவதில் விலையும் கூடியது. கேரளாவுக்கு ஏற்றுகிற வண்டிக்காரர் பெரிய குவியலாக இருந்தால்தான் எடுப்பார். சில்லறைப் பூவைத் தொட மாட்டார்.

பூ மார்க்கெட்டில் ஒரு வழக்கம். ஒரு குவியலுக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு பேர். கமிஷன் கடைக்காரர் முதல் நாளே 'வேல்ச்சாமி' என்று எழுதினார். அது அப்பா பேர். அதற்குப் பிறகு எத்தனை வீட்டுப் பூ சேர்ந்தாலும் சீட்டில் வேல்ச்சாமிதான்.

கையில் காசாகக் கொடுத்த காலத்தில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு கடைக்காரர் பணத்தைப் பேங்கில் போடத் தொடங்கினார். ஏழு வீட்டுப் பணமும் அப்பா கணக்கில் விழுந்தது. சனிக்கிழமை தோறும் அப்பா எடுத்துவந்து, வாசலில் சாக்கை விரித்து, பங்கு பிரித்துக் கொடுப்பார். பெட்ரோலுக்கு ஆளுக்கு ஏதோ கொடுப்பார்கள். மாமா மட்டும் போன வாரம் கொடுத்ததையே இந்த வாரமும் கொடுத்ததாகச் சொல்வார்.

இதில் கணக்குத் தகராறு என்று ஒன்று வந்ததே இல்லை. அதனால்தான் ஒருவருக்கும் பேரைப் பற்றி யோசனை வரவில்லை.

போனில் வந்த பதில்

இ-சேவை மையத்தில் மனுப் போட்டு ஒரு வாரத்தில் என் போனுக்குச் செய்தி வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. காரணம்: வருமானம் வரம்புக்கு மேல்.

நான் அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டு இருந்தவள் நிமிர்ந்து, "யாருக்கு?" என்று கேட்டாள்.

"நமக்கு."

"நமக்கா?" சிரித்துவிட்டாள். "அந்தக் காச எங்க வச்சிருக்காவன்னும் கேளு, போய் எடுத்துட்டு வாரேன்."

நடந்தது இதுதான். வி.ஏ.ஓ. மேடம் விசாரணைக்கு வந்தபோது டீக்கடையில் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் அப்பாவுக்குக் கூட்டாளி. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, "வேல்ச்சாமியா? தெனமும் மூடை மூடையாப் பூவு கொண்டு போறவராச்சே. ஒரு நாள் விட மாட்டாரு" என்று புகழ்ந்துவிட்டார். அதன் பிறகு மேடம் பாஸ்புக்கைக் கேட்டார். அப்பா பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். அதில் தினமும் பணம் வந்துகொண்டே இருந்தது.

அப்பாவும் நானும் போய்ச் சொன்னோம். "அது எங்க பணம் இல்ல மேடம். தெருப் பணம்."

"உங்க கணக்குலதானே வருது?"

"கணக்கு என்னுது. பணம் ஏழு வீட்டுது."

"அப்போ அந்த ஆறு வீட்டுக்காரங்களையும் வரச்சொல்லுங்க. இதுல இவ்வளவு எங்களுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நான் உங்களை நம்பலைன்னு இல்லை. நாளைக்கு என்னை ஒருத்தர் கேட்டா நான் எதைக் காட்டுறது?"

நியாயமான பேச்சு. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. விடுதியில் மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் சான்றிதழ் போகாவிட்டால் என் இடம் அடுத்தவனுக்கு. பெரியப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இரண்டு நாளுக்கு ஒருதரம் போன் பண்ணுவான். "வாலே நாயகம். ரூமு இருக்கு, சோறு இருக்கு. எதுக்குப் போட்டுக் கஷ்டப்படுதே?"

அப்பா அந்தப் போனை வாங்கி ஒரு தடவை அவனிடம் பேசினார். "அவன் அங்கன வர மாட்டான். நீ லீவுக்கு வந்தா இங்கன பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினார்.

வீடு வீடாக

அன்று சாயங்காலமே தெருவில் இறங்கினோம். கையெழுத்துக் கேட்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது.

பேச்சிமுத்து மாமா நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார், என் மார்க்கைக் கேட்டுத் தொடையில் தட்டினார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கையெழுத்துன்னா… எனக்குப் பூவுல வருமானம் வருதுன்னு எழுதணும். அப்படித்தான?"

"ஆமா மாமா."

"இப்பத்தான் மருமவனே, கவருமெண்டு வீடு கட்டித் தார லிஸ்டுல என் பேரு வந்திருக்கு. கூரை வீடு, வருமானம் கெடையாதுன்னு எழுதி வாங்கியிருக்காவ. அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணுன்னு எழுதினா ரெண்டும் போயிரும்லா?"

தண்ணித்தொட்டி வீட்டுக்காரருக்கு ரேஷன் கார்டு பயம். அரிசிக் கார்டைச் சீனிக் கார்டாக மாற்றிவிடுவார்களாம். மேலவீட்டில் அண்ணன், "தம்பி போட்டா போடுதேன்" என்றார். தம்பி, "அண்ணன் இருக்கையில நான் முந்தக் கூடாதுல்லா" என்றார். அவர்களுக்குள் அவ்வளவு மரியாதையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

கடைசியாக இசக்கியம்மா அத்தை. அவளுக்கு மாதா மாதம் விதவைப் பென்சன் வந்துகொண்டிருந்தது. வாசலில் ஓலைக் கடகத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

"ஏலே, எனக்கு ஒண்ணு வெளங்கல. நீ ஏழைன்னு அவுக எழுதணும்னா, நான் பணக்காரின்னு எழுதிக் குடுக்கணுமா?"

"பணக்காரின்னு இல்ல அத்தை. இவ்வளவு வருதுன்னு…"

"அதத்தானல சொல்லுதேன். எனக்கு வருதுன்னு வாயத் தொறந்தா அதுக்கு அப்புறம் வாராது."

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கத்தில் ஏதோ ஒன்று வந்தது, அல்லது வரப்போகிறது என்று காத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு. அந்த வரம்பு எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததாலேயே எல்லாரும் அதிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார்கள். அவர்கள் எல்லாருடைய வருமானமும் பத்திரமாக இருந்த ஒரே இடம் அப்பாவின் பாஸ்புக்.

ஆனாலும் எல்லாரும் "காலையில வாரோம்" என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லுகிற ஊர் இல்லை எங்களுடையது.

வாயால் சொல்கிறேன்

அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

"சரி, வந்தவங்க சொல்லுங்க" என்றார் மேடம்.

இசக்கியம்மா அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "வேல்ச்சாமி அண்ணன் கொண்டு போற பூவுல எம் பூவு உண்டும்மா. எல்லாரு பூவும் உண்டு. அவரு காச அவரு எடுத்துக்கிடுவாரு, எங்க காச எங்களுக்குத் தந்துருவாரு. பத்துப் பைசா வச்சுக்கிட்டது கெடையாது. இது சத்தியம்."

"இதை எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"வாயால எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுதேன். கையெழுத்து மட்டும் கேக்காதீய."

"உங்க பென்சன் இதனால போகாதும்மா. பூவுல உங்களுக்கு வர்றது கொஞ்சம்தானே."

"போவாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீயளா?"

பக்கத்து மேசையில் இருந்த உதவியாளர் குனிந்து சிரித்தார்.

"நான் அப்படித் தர முடியாதும்மா" என்றார் மேடம்.

"அதான் பாத்தியளா" என்றாள் அத்தை. குரலில் எகத்தாளம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம் என்று சொன்னது மாதிரி இருந்தது.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார். "பழசை நான் ஒண்ணும் பண்ண முடியாது. இன்னையிலருந்து உங்க பூவை மட்டும் உங்க பேர்ல போடுங்க. மத்தவங்க பூ அவங்கவங்க பேர்ல. மாசக் கடைசிக்கு ஒரு வாரம் முன்னால மறுபடி மனுப் போட்டுட்டு சீட்டையும் பாஸ்புக்கையும் கொண்டு வாங்க. அதை வச்சு எழுதுறேன்."

அப்பா, "சரி" என்றார். ஒரு சொல்தான். வெளியே வந்து மொபெட்டை உதைக்கும்போது என்னிடம் சொன்னார், "நாளைலேருந்து ஏழு சீட்டு."

அதில் என்ன கஷ்டம் இருக்கப் போகிறது என்று நான் நினைத்தேன்.

யாருக்கும் வேண்டாத பேர்

கமிஷன் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. காலை நெரிசலில் ஒரு குவியலுக்கு ஏழு சீட்டு யார் எழுதுவது? "தனிச் சீட்டு வேணும்னா தனிக் குவியலாக் கொட்டு வேல்ச்சாமி. மார்க்கெட்டு வழக்கம் அதான்." ஆபீஸில் எழுதிக் கொடுக்கத்தான் பயம், அவரவர் சின்னச் சீட்டை எந்த ஆபீசர் பார்க்கப் போகிறார் என்று தெருவும் பேர் போடச் சம்மதித்திருந்தது. அப்பா ஏழு குவியலாகக் கொட்டினார். மூன்று கிலோ, நாலு கிலோ, இரண்டரை கிலோ. கேரளா வண்டிக்காரர் வந்து பார்த்தார், தாண்டிப் போய்விட்டார். பூக்கட்டுகிறவர்கள் வந்து வாங்கினார்கள். கிலோவுக்கு இருபத்தைந்து ரூபாய் குறைவு. மறுநாள் முப்பது.

ஒரு வாரம் தெரு பொறுத்தது. சனிக்கிழமை பங்கு வாங்க வேண்டிய நேரத்தில் எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். இந்தத் தடவை பங்கு வாங்க அல்ல. பணம் அவரவர் கணக்குக்குப் போய்விட்டது. கேட்க வந்தார்கள்.

மாமாதான் ஆரம்பித்தார். "மச்சான், உம்ம மவன் பாலிடெக்னிக் போறதுக்கு எங்க பூவு ஏம்வே மலிவாப் போவணும்?"

"நீரு கேக்கது நியாயம்தான்" என்றார் அப்பா.

"நியாயம்னா பழையபடி ஒரே பேர்ல எழுதச் சொல்லும்."

"சொல்லுதேன். உம்ம பேர்ல எழுதச் சொல்லட்டா?"

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "என் பேர்ல எதுக்குவே?"

"பூவ நான் கொண்டு போறேன். பெட்ரோல் நான் போடுதேன். வண்டியும் என்னுது. பேரு மட்டும் உம்ம பேரு. கேரளாக்காரன் எடுத்துக்கிடுவான், வெல பழையபடி வந்துரும்."

"எனக்கு வீடு வந்திருக்குன்னு உமக்குத் தெரியும்லா…"

அப்பா தண்ணித்தொட்டி வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தண்ணித்தொட்டியைப் பார்த்தார். மேலவீட்டு அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். மாமாவின் தம்பி போனில் யாரோ கூப்பிட்டது மாதிரி எழுந்து போனார். போன் அடிக்கவே இல்லை.

இசக்கியம்மா அத்தை வாய் விட்டுச் சிரித்தாள். "வெல எல்லாருக்கும் வேணும். பேரு ஒருத்தருக்கும் வேண்டாம். வேல்ச்சாமி அண்ணன் பேரு இத்தன நாளு நமக்கெல்லாம் எவ்வளவு வசதியாக் கெடந்திருக்கு பாத்தியளா."

"நீ எடுத்துக்கிடேன்" என்றார் மாமா.

"எனக்கு எதுக்கு? நான்தான் சிரிச்சுட்டேன்லா, அது போதும்."

அதற்கு மேல் அப்பா பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "இத்தன வருசம் உங்க பூவ எம் பேர்ல கொண்டு போனேன். கொண்டு போக மாட்டேன்னு இப்பவும் சொல்லல. நாளைக்கும் கொண்டு போவேன். ஆனா எம் பேர்ல எழுத மாட்டேன். இவன் அங்கன போயி உக்காருற வரைக்கும் எழுத மாட்டேன். உங்களுக்கு இதுல என்ன நட்டம் வருதோ அது எனக்குத் தெரியும். நட்டத்த நான் பாத்துக்கிடுதேன். போயிட்டு வாங்க."

எல்லாரும் போனார்கள். பூ கொண்டுவருவதை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் அம்மா நிறுக்கும்போது முன்பு மாதிரி யாரும் நின்று கதை பேசவில்லை. மொக்கைக் கொட்டிவிட்டு, எடையைக் கேட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். நிறுக்கிற சத்தமும் சாக்கு உரசுகிற சத்தமும் மட்டும் கேட்கும். பதினாறு வயதில் அந்த அமைதியைத் தாங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் நானே அப்பாவிடம் சொன்னேன். "எப்பா, நான் திருப்பூருக்கே போயிருதேன்."

அவர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். "கயித்த இறுக்கிப் புடி" என்றார். பிடித்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அந்தப் பேச்ச இனிமே எடுக்காத" என்றார்.

முதலில் வளைந்தது

எங்கள் தெருவும் வளையவில்லை, அப்பாவும் வளையவில்லை. மாதம் முடியப்போகிற நேரத்தில் கமிஷன் கடைக்காரர்தான் வளைந்தார். கேரளா வண்டிக்காரர் அந்தக் கடைக்கு வருவதே எங்கள் ஊர்க் குவியலுக்காகத்தான் போலிருக்கிறது. குவியல் இல்லாததால் அவர் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் காலையில் அப்பா ஏழு குவியலைக் கொட்டக் குனிந்தபோது கடைக்காரர் எழுந்து வந்தார்.

"எவ்வளவு நாளைக்கு இப்படிக் கொட்டுவ வேல்ச்சாமி?"

"பையன் படிச்சு முடிக்கிற வரைக்கும் அண்ணாச்சி."

"மூணு வருசமா?"

"மேல படிச்சா கூடும்."

கடைக்காரர் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "ஒண்ணாக் கொட்டித் தொல. உங்க வாசல்ல நிறுத்த எடைய வீடு வாரியா எழுதிக் கொண்டா, அதப் பாத்துச் சீட்ட ஏழாக் கிழிச்சுத் தாரேன்."

அந்த நாளிலிருந்து குவியல் ஒன்று, சீட்டு ஏழு. பழைய விலை திரும்பி வந்தது.

மேடம் சொன்னபடியே நடந்துகொண்டார். சீட்டைப் பார்த்தார், பாஸ்புக்கைப் பார்த்தார். ஒருநாள் விடியற்காலையில் எங்கள் வாசலுக்கே வந்து, அம்மா நிறுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். இந்தத் தடவை போனில் வந்த செய்தி வேறு. விடுதிக்காரர்கள் சொன்ன கடைசி நாளில் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரும்புக் கட்டிலும் பூட்டில்லாத ஒரு அலமாரியும் எனக்கு என்று ஆனது.

நான் ஊரில் இல்லாதபோது நடந்த மிச்சத்தை அம்மா சொல்லித்தான் தெரியும்.

நான் போன அடுத்த சனிக்கிழமை அப்பா கடைக்காரரிடம் உட்கார்ந்து, அந்த மாதத்தில் கேரளா விலை ஒவ்வொரு நாளும் என்ன இருந்தது, எங்கள் தெருப்பூ என்ன விலைக்குப் போனது என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போடச் சொல்லி எனக்குத்தான் போன் பண்ணினார். எதற்கு என்று நான் கேட்டேன். "போட்டுச் சொல்லு மக்கா" என்றார். விடுதி வராந்தாவில் உட்கார்ந்து போட்டுச் சொன்னேன்.

அம்மா சண்டை போட்டிருக்கிறாள். "நம்ம பூவுலயும்தான நட்டம்? அவுக நட்டத்தையும் நாமதான் தூக்கணுமா?"

"சான்றிதழ் யாரு பேர்ல வந்திருக்கு?"

"நம்ம பேர்ல."

"அப்ப நாமதான்."

வாரா வாரம் எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அது அவர்கள் பூ. பேச்சிமுத்து மாமா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்தார். மேலவீட்டில் அண்ணனும் தம்பியும் இந்தத் தடவை ஒருவருக்கொருவர் வழி விடாமல் சேர்ந்தே வந்து வாங்கினார்கள்.

இசக்கியம்மா அத்தையாவது மறுப்பாள் என்று அம்மா எதிர்பார்த்திருக்கிறாள். அவளும் வாங்கிக்கொண்டாள். "இத நான் வாங்கலன்னா உங்க மவன நான் படிக்க வச்சதா ஆயிரும் மைனி. நாளைக்கு அவன் வந்து எனக்கு முன்னால தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பான். எதுக்கு அது? நீங்க படிக்க வச்சியன்னே இருக்கட்டும்."

அந்த முதல் வருடம் உதவித்தொகை தாமதமாகத்தான் வந்தது. வந்தது அப்பா கொடுத்ததில் பாதிக்கும் குறைவு. நான் அதைப் போனில் சொன்னபோது அவர், "அது அது பாட்டுக்கு வரட்டும். நீ பரீட்சைக்குப் படி" என்றார். கடைசி வீட்டுக்குக் கடைசிப் பணத்தைக் கொடுத்து முடித்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது, செடியில் பூ குறைந்திருந்தது.

இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு நாங்கள் கட்டிய கட்டணம், இரண்டு மனுவுக்கும் சேர்த்து, நூற்று இருபது ரூபாய். நாங்கள் ஏழைகள்தான் என்று எழுதி வாங்குவதற்கு, எங்கள் பூவில் போனது போக, ஆறு வீட்டுக்கும் அப்பா கொடுத்தது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.